கற்பிட்டியில் வீட்டைச் சூடாக்கிய கதை

கற்பிட்டியில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று முற்றத்தில் இரும்பு அடுப்புக் கட்டிய ஒரே மனிதருக்கு நான்தான் மனைவி. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் இல்லை, இப்போது வெட்கமும் இல்லை. அப்போது வெட்கம் நிறையவே இருந்தது. கடைத்தெருவுக்குப் போனால் மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, "என்ன டீச்சர், வீடு நல்லாச் சூடாயிட்டா?" என்று கேட்பார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் குடையைப் பிடித்தபடி, "ஓம், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, இறாலைக்கூட எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எங்கள் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் கிடக்கும் மணல் காலை பத்து மணிக்கே செருப்பைத் தாண்டிச் சுடும். நாங்கள் இருந்த வீடு தென்னந்தோட்டத்தின் நடுவில் இருந்த பழைய தோட்டவீடு. என் வாப்பா சீதனமாகத் தந்தது. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், உயர்ந்த கூரை, பீலி ஓடு, சின்னச் சின்ன ஜன்னல். அதைக் கட்டியவர் யாரோ, வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்று மூளையைக் கசக்கிக் கட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவருடைய உழைப்பையெல்லாம் ஒரே வருடத்தில் தோற்கடிக்கப் பார்த்தார்.

அவர் மன்னார் ஆள். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வள்ளத்தில் ஒரு துணிப்பையோடு கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். நான் அங்கே அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். கலியாணம் முடித்து, மகள் பிறந்து, அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நேரத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாடு போனார். போய்ச் சேர்ந்தது பூமியின் உச்சந்தலையில் இருக்கும் ஒரு குளிர்நாடு. விசா வழக்கு இழுத்துக்கொண்டே போனது. வழக்கு முடியும்வரை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். யுத்தம் முடிந்து சில வருடம் கழித்துத்தான் கடதாசி கிடைத்தது. அதற்குள் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. மகளின் நிக்காஹ்வையும் தன் தம்பியிடம் பொறுப்புக் கொடுத்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டுதான் நடத்திவைத்தார். நடுவில் லைன் இரண்டு தரம் அறுந்தது.

கடைசியில் ஒரு ஜனவரி மாதம் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்குமுன், "திரும்பிப் போற டிக்கெட்டும் எடுத்துத்தான் வந்திருக்கன். ஒரு வருஷத்துக்குச் செல்லும். இங்க ஒத்துவரல்லெண்டா போயிருவன். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல" என்றார். பதினெட்டு வருடம் காத்திருந்தவளுக்கு ஒரு வருடத் தவணை. "நல்லம்" என்றேன். நான் அப்படித்தான். நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும்போதும் வாய் "நல்லம்" என்று சொல்லும். இந்த மனிதர் இனி எங்கும் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த வருடம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது. அதை அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

வந்த மூன்றாம் நாளே அவருக்குக் குளிர்ந்தது.

இதை நான் ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பனிக்குள் பதினெட்டு வருடம் கிடந்தவருக்குக் கற்பிட்டியில் குளிருமா? ஆனால் குளிர்ந்தது. வாடைக்காற்று ஓட்டிடுக்கால் உள்ளே வரும் மாதம் அது. அவர் கம்பளித் தொப்பி ஒன்றைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாரத்துக்கு மேல் கோட்டும் போட்டு, கதிரையில் குந்திக்கொண்டிருந்தார். அவருடைய விளக்கம் இதுதான்: "அங்க வெளியதான் குளிர். வீட்டுக்குள்ள பெனியனோட இருப்பம். இங்க வெளிய வெயில், உள்ள குளிருது. உங்கட ஆக்களுக்கு வீடு கட்டத் தெரியல்ல." மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்த முழங்கால்கள் இரண்டும் வேறு வலித்தன.

அங்கே அவருக்கு ஒரு பண்ணையில் வேலை. மாடு பார்ப்பது பாதி, பொயிலர் பார்ப்பது பாதி. பண்ணைவீட்டு முற்றத்தில், ஒரு குளியலறை அளவுக்கு இரும்புப் பெட்டி ஒன்று நிற்குமாம். நடுவில் விறகு எரியும், சுற்றிவரத் தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் நிலத்துக்கடியில் குழாய்வழியே வீட்டுக்குள் போய், ஒவ்வொரு அறையையும் சூடாக்கிவிட்டுக் களைத்துத் திரும்பி வரும். திரும்பவும் சூடேறிப் போகும். குளிக்கும் குழாயிலும் அதே சூட்டில் தண்ணீர் வரும். அந்த நெருப்பை அணையவிடாமல் பார்த்தது இவர்தான். ஊரில் மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து ரீவியும் சென்ட் போத்தலும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பொயிலரின் படத்தை மனதில் கொண்டுவந்தார்.

மதுரங்குளியில் இறால் பண்ணைகளுக்குக் கேற்றும் தண்ணீர்த் தாங்கியும் ஒட்டிக்கொடுக்கும் ஒரு வெல்டிங்காரர் இருந்தார். இவர் கொப்பித் தாளில் கீறிக் கொடுத்ததை அவர் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இதுக்குள்ள என்னத்த அவிக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். "வீட்ட" என்றாராம் இவர். வெல்டிங்காரர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் தேநீர்க் கடைக்குப் போகிறவர்.

அறைகளை யார் சூடாக்குவது என்ற பிரச்சினை வந்தது. பனிநாட்டு இரும்புத் தட்டுகளுக்கு இங்கே எங்கே போவது? பழைய லொறி ரேடியேற்றர்கள் ஆறு வந்து சேர்ந்தன. சுவரோரம் அவற்றைக் கால் வைத்து நிறுத்தி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, குழாய் இணைத்தார். என் படுக்கையறையில் நின்றது ஏதோ மணல் லொறியில் இருந்தது போலிருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் மூலையில் மணல் கொட்டியது. வீட்டுக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள்.

எல்லாம் கட்டி முடிந்து முதல் நெருப்பு மூட்டியது ஏப்ரல் மாதம். வருடத்தில் அதைவிடக் கொடிய வெயில் எங்களுக்கு இல்லை. ஜனவரிக் குளிருக்காகத் தொடங்கிய வேலை, எங்கள் நாட்டு வேலைக்காரர்களின் வேகத்தில் ஏப்ரலில் முடிந்தது. "அடுத்த வாடைவரைக்கும் பொறுங்களேன்" என்று நான் கெஞ்சினேன். "சோதிச்சுப் பாக்க வேணாமா?" என்றார். தேங்காய்ப் பொச்சுமட்டையும் சிரட்டையும் திணித்தார், நெருப்புப் பிடித்தது, பம்ப் முனகியது, குழாய்கள் டொக் டொக்கென்று தட்டின. ஒரு மணித்தியாலத்தில் வீடு சூடாகிவிட்டது. நானும், சோறு சமைக்க வரும் பெண்ணும், பூனையும் மாமரத்தடிக்கு வெளியேறினோம். அரை மணித்தியாலத்தில் பல்லிகள் வந்தன. அவர் மட்டும் உள்ளே, பெனியனோடு, வியர்வை சொட்டச் சொட்ட, "பாத்தீங்களா! எல்லா ரூமும் ஒரே சூடு!" என்று ஜன்னலால் சத்தம் போட்டார். அன்று பகல் சோற்றை மரத்தடியில் தின்றோம். தடித்த சுவர்கள் வாங்கிய சூட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டன. மூன்று நாள் நாங்கள் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம்.

அதற்கு அடுத்த வாரம் பொலிஸ் வந்தது.

தென்னந்தோட்டத்துக்குள்ளே பெரிய இரும்புத் தாங்கி, கீழே நெருப்பு, மேலே புகை, பக்கத்தால் குழாய். எங்கள் பகுதியில் இதைப் பார்க்கிற எவருக்கும் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும்: கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம். வெல்டிங்காரரின் தேநீர்க் கடையில் கிளம்பிய கதை, எங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டு முறையில் கசிப்புக் காய்ச்சுகிறார் என்று சிலாபம்வரை போயிருந்தது. ஐந்து வேளை தொழுகிற மனிதர்! சார்ஜன் ஒருவர் இரண்டு கொஸ்தாப்புமாரோடு வந்தார். பொயிலரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். குழாய் வீட்டுக்குள் போவதைக் கண்டதும் அவர் முகத்தில் மரியாதையே வந்துவிட்டது. இத்தனை வருட வேலையில் இவ்வளவு பெரிய செட் பார்த்ததில்லை என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பனிநாட்டுப் பாஷை ஓடும், சிங்களம் ஓடாது. ஆகவே இந்த வழக்கில் குற்றவாளியின் மொழிபெயர்ப்பாளராகவும் நானே நிற்க வேண்டியதாயிற்று.

சார்ஜன் குழாயைத் திறந்து ஒரு கோப்பையில் பிடித்தார். மணந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். ஆறவைத்து, நாக்கின் நுனியில் வைத்தார். பிறகு ஒரு மிடறு குடித்தார். "வத்துர" என்றார். தண்ணீர். அவ்வளவு கவலையோடு ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. எதற்கு இது என்று கேட்டார். வீட்டைச் சூடாக்க என்றேன். நெற்றியிலிருந்து ஒழுகிய வியர்வையைத் தொப்பியால் துடைத்தார். கொஸ்தாப்புமாரைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாத்தயாட்ட அசனீபத?" என்றார். ஐயாவுக்குச் சுகமில்லையா என்று. இல்லை, வெளிநாட்டில் இருந்தவர் என்றேன். அது போதுமாயிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பொலிசிலிருந்து தப்பினோம், பள்ளிவாசலிடம் மாட்டிக்கொண்டோம். பொயிலருக்கு மேலே ஆவி கூடினால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று இருந்தது. திறந்தால் விசில் அடிக்கும். நோன்பு மாதத்தில் ஒருநாள் பின்னேரம் கரண்ட் போய்விட்டது. பம்ப் நின்றது, தண்ணீர் கொதித்தது, வால்வு ஊதியது. நோன்பு திறக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. எங்கள் பள்ளியில் நோன்பு திறக்கும் நேரத்தைக் கையால் சுற்றும் சங்கை ஊதித்தான் அறிவிப்பார்கள். கரண்ட் இல்லாததால் ஒருவர் வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்து, கஞ்சியைப் பார்த்தபடி குந்தியிருந்த அக்கம்பக்கத்து இருபது வீட்டுக்காரரும் பிஸ்மி சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்கள். கஞ்சி பாதி குடித்த பிறகு பள்ளிச் சங்கு ஊதியது.

மறுநாள் பள்ளி நிர்வாகசபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஒருவர், "எங்கட ஆக்கள் எல்லாரும் இப்ப ஒரு நோன்பு கழாச் செய்யோணும்" என்றார். அதாவது, விட்ட நோன்பைப் பிறகு பிடிக்க வேண்டும். "இவ்வளவு பேருட நோன்பு உங்கட கழுத்துல, காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். என் வீட்டுக்காரர், நேரம் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டுத் தின்றது யாருடைய பிழை என்று கேட்டார். வாதம் ஒரு மணித்தியாலம் நடந்தது. கடைசியில், நோன்பு மாதம் முடியும்வரை பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு பொயிலர் எரியக்கூடாது என்று தீர்ப்பானது. கற்பிட்டிச் சரித்திரத்தில் ஒரு அடுப்புக்கு நேர அட்டவணை போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நான் சிரித்தேன்தான். அவருக்கு முன்னாலும் சிரித்தேன், பின்னாலும் சிரித்தேன். ஆனால் நெருப்பு எரிகிற நாட்களில் அவர் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் கவனித்து வைத்திருந்தேன். விடிய எழும்பி சுபஹு தொழுதுவிட்டு மட்டை வெட்டப் போவார். சாம்பல் அள்ளுவார். ஏதாவது ஒரு குழாயைத் தட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே தோட்டத்தில் விழுந்த மட்டையையெல்லாம் விற்காமல் சேர்த்து வைத்தேன். ஊர் சிரிக்கட்டும், என் வீடு வேகட்டும், மனிதர் இருக்கட்டும்.

அந்த வருடம் எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஒரு படத்தைக் கண்டுதான். மண்டபத்துச் சுவரில் அவர் பெரிதாக்கி மாட்டியிருந்தார். பனி மூடிய முற்றம், அந்த ஒறிஜினல் பொயிலர், பக்கத்தில் கோட்டுக்குள் இவர், இவரைக் கட்டிப்பிடித்தபடி பண்ணைக்காரரின் மூன்று பிள்ளைகள். மதுரங்குளியில் புருஷன் வீட்டில் இருந்த எங்கள் மகள், பிள்ளை வயிற்றோடு எங்களைப் பார்க்க வந்த நாளில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். "இந்தப் பிள்ளைகள் ஆரு வாப்பா?" என்றாள். அவர் உற்சாகமாகிவிட்டார். மூத்தவனுக்கு இடியென்றால் பயம். நடுவிலாளுக்குக் குளிக்கத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சுட வேண்டும், இல்லாவிட்டால் அழுவாள். சின்னவள் பொயிலருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் பள்ளிக்கூடம் போவாள். அவர்கள் தவழ்ந்தது முதல் மீசை முளைத்ததுவரை எல்லாம் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். "நல்லம் வாப்பா" என்றாள். பிறகு குசினிக்கு வந்து, நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினாள். அந்த "நல்லம்" என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

என்னோடு அவள் சண்டை பிடிக்காத நாளே இல்லை. உப்புக் கூடினால் சண்டை, போன் எடுக்காவிட்டால் சண்டை. வாப்பாவிடம் மட்டும் கந்தோரில் இருக்கும் ஒரு பெரிய உத்தியோகத்தரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். "உங்களுக்குக் கரச்சல் இல்லாட்டி அந்தக் கதவச் சாத்துறீங்களா?" "ஜஸாக்கல்லாஹ் வாப்பா" என்று எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வாள். எழும்பி நின்று கோப்பையைக் கொடுப்பாள். ஊரில் எல்லோரும், என்ன மரியாதையான பிள்ளை என்று புகழ்ந்தார்கள். அவரும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் இருந்தார். பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது. விருந்தாளிக்குத்தான் அப்படிப் பேசுவது.

அதோடு பொயிலருக்கும் வருத்தம் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள்ளே வெள்ளை ஓடு கட்டும். பனி உருகிய தண்ணீரைக் குடித்துப் பழகிய திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஒக்டோபரில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. தென்னை வினாகிரியை வாளிவாளியாக ஊற்றிக் கழுவினார். வீடு முழுக்க ஊறுகாய்ச் சட்டிக்குள் இருப்பதுபோல மணத்தது. கொஞ்சம் திறந்தது, திரும்ப அடைத்தது. "இந்தத் தண்ணி சரியில்ல. இந்த விறகு சரியில்ல. நான் இங்க சரிவர மாட்டன்" என்றார். அன்றைக்குத் திரும்பவும் அலுமாரியைத் திறந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்.

டிசம்பரில் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். முதல் பிள்ளை தாய்வீட்டில்தான். ஆஸ்பத்திரியில் பெற்று, மூன்றாம் நாள் பேரனோடு வந்து சேர்ந்தாள். நாற்பது நாள் வரை தாய்க்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாது, பச்சைத்தண்ணீர் தொடக்கூடாது. அந்தக் காலத்தைப் பொறுப்பெடுத்து நடத்த என் சாச்சி வந்து இறங்கினா. உம்மாவின் தங்கச்சி. எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் படைத்தளபதி அவதான். வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைத்து, சாம்பிராணி போட்டு, ஜன்னல்களையெல்லாம் அடைத்தா. மறுநாள் வந்த மிட்வைஃப் கதவைத் திறந்ததும் இருமினா. "புள்ளைக்கு மூச்சு முட்டும்! இந்தப் புகையெல்லாம் ஏலாது" என்று சட்டியைத் தூக்கி வெளியே வைத்தா. "குளிர் பிடிச்சா நீங்களா வந்து பாக்கப் போறீங்க?" என்று சாச்சி அதைத் தூக்கி உள்ளே வைத்தா. வெளியே மழையும் வாடையும். அந்தச் சட்டி மூன்று தரம் உள்ளும் வெளியுமாகப் பயணம் செய்தது.

அப்போதுதான் கதவடியில் நின்று என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "புகையில்லாமச் சூடு வேணுமெண்டா, இரிக்கி" என்றார்.

அடைத்திருந்த குழாய்களைத் திரும்பவும் வினாகிரியால் கழுவித் திறந்து, அன்றைக்கே நெருப்பு மூட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அறை அன்றைக்கு ஆனதுபோல அவ்வளவு இதமாக எந்த அறையையும் நான் கண்டதில்லை. லொறி ரேடியேற்றருக்குப் பக்கத்தில் பேரனின் துணிகள் காய்ந்தன. குளியலறைக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். அதில் நொச்சியிலையும் பாவட்டையிலையும் அவித்த தண்ணீரைக் கலந்து சாச்சி மகளைக் குளிப்பாட்டினா. மிட்வைஃப் தான் சொல்லித்தான் இந்த ஏற்பாடு என்று மற்ற வீடுகளில் சொன்னா. சாச்சி அந்தக் காலத்திலேயே இப்படித்தான் என்று சொன்னா. இவர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய் விறகு போட்டார். மீன் வெட்டுகிறவரின் மருமகளுக்கும் மாதம் ஏழு என்று கேள்விப்பட்டேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. இறாலை எண்ணிப் பார்த்து வாங்கத் தொடங்கினேன்.

ஆனால் மகள் மாறவில்லை. "வாப்பா, தண்ணி போதும். ஜஸாக்கல்லாஹ்." ஒரு நாளைக்கு ஒரு வசனம். அவர் அந்த ஒரு வசனத்துக்காகக் கிணற்றடிக்கும் பொயிலருக்குமாய் நாள் முழுக்க ஓடினார். ஜனவரி நடுவில், பிள்ளைக்கு முப்பத்தாறாம் நாள். அன்றோடு டிக்கெட் முடிகிறது. முதல்நாள் அவர் என்னிடம் வந்து, "வேன்காரருக்குச் சொல்லுங்க. நாளைக்கு ஏர்போட்டுக்குப் போகோணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "இன்னும் அஞ்சு நாளில நாப்பது முடிஞ்சிரும். அவ போயிருவா. பிறகு எனக்கு இங்க என்ன வேல? அவளுக்கு நான் ஆரோ ஒருவர்" என்றார்.

போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்லில் முடிந்துவிடும் விஷயம். ஆனால் பதினெட்டு வருடம் ஒருவரிடமும் கெஞ்சாமல் பிள்ளையை வளர்த்துப் பழகிய வாய் என்னுடையது. "உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு வேன்காரருக்குப் போன் எடுத்தேன்.

காலையில் அவர் கடைசியாக நெருப்பு மூட்டினார். எப்போது மட்டை போடுவது, எப்போது சிரட்டை போடுவது என்று எனக்குப் படிப்பித்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோட்டும் சப்பாத்தும் போட்டு, பெட்டியைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். மகள் குளிக்கப் போயிருந்தாள். சாச்சி பிள்ளையை மடியில் வைத்திருந்தா. போகிறேன் என்று மகளிடம் முதல்நாளே சொல்லியிருந்தார். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க வாப்பா" என்றிருந்தாள்.

முற்றத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம். சுண்ணாம்பு தின்ற இரும்பில், மதுரங்குளி வெல்டிங்காரர் ஒட்டிய ஒட்டு ஒன்று பிளந்து, தண்ணீர் முழுக்க நெருப்பில் கொட்டியது. வெள்ளைப் புகை மாமரத்துக்கு மேலே போனது. நான் வாயைத் திறக்குமுன் குளியலறையிலிருந்து ஒரு கூக்குரல்.

"வாப்பா! தண்ணி பச்சையா வருது! வாப்பா! என்ன செய்றீங்க அங்க?"

அவர் கதிரையில் உறைந்துபோயிருந்தார்.

"தலை முழுக்கச் சவுக்காரம் வாப்பா! குளிர் விறைக்கிது! காது கேக்கல்லயா உங்களுக்கு? ஊரான் பிள்ளையளுக்குப் பதினெட்டு வருஷம் சுடுதண்ணி குடுத்தீங்கதானே? எனக்கு நாப்பது நாள் குடுக்க ஏலாதா உங்களுக்கு? முப்பத்தாறு நாளில களைச்சிட்டீங்களா?"

என்னோடு சண்டை பிடிக்கும் அதே குரல். அதே வேகம். அவள் பிறந்த நாளிலிருந்து நான் கேட்டுவரும் அந்தக் குரலை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

கதிரை பின்னால் விழுந்தது. அவர் சப்பாத்துக் காலோடு குசினிக்குள் ஓடினார். சாச்சியின் இலை அவித்த கிடாரம் அடுப்பில் இருந்தது. கோட்டின் கையால் அதன் காதைப் பிடித்துத் தூக்கி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனார். "இந்தா மகள், இந்தா, இந்தா" என்றார். கதவு இடுக்கால் சாச்சி வாங்கிக் கொடுத்தா. உள்ளேயிருந்து, "இது எந்த மூலைக்குக் காணும்? இன்னும் கொண்டாங்க! இப்பவும் நிண்டு பாத்துக்கொண்டிருக்காம!" என்று வந்தது.

குசினிக்குத் திரும்பி வந்தார். பெரிய பானையில் தண்ணீர் நிறைத்து அடுப்பில் ஏற்றினார். குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதினார். சாம்பல் பறந்து கோட்டெல்லாம் படிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்து ஒழுகியது. புகைதான் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"என்ட மகள் எனக்கு ஏசிட்டா" என்றார். பெருநாளைக்கு உடுப்புக் கிடைத்த பிள்ளை சொல்வதுபோல இரண்டு தரம் சொன்னார்.

படலையில் வேன் ஹோர்ன் அடித்தது. அவர் காதில் விழவில்லை, ஊதிக்கொண்டே இருந்தார். நான் போனேன்.

"சேர் ரெடியா, டீச்சர்?" என்றார் வேன்காரர்.

"இல்ல தம்பி. அவருக்குத் தண்ணி சுடவைக்க இரிக்கி. நீங்க போங்க."

"பிளேன் போயிருமே?"

"போகட்டும்" என்றேன். உள்ளே மகள் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தாள்.